அறுபத்துமூன்றாம் பாலை

மூன்று வருடம் இந்தக் காட்டில்
முழங்காலில் நடந்தவள் நான்.
ஒரு மீற்றர் அகலப் பாதை,
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு,
கையில் இரும்பு விறாண்டி.
எட்டு அடி முன்னேறினால் அது நல்ல நாள்.

எந்த வேர் எந்த மரத்தினுடையதென்று
நிமிராமலே சொல்வேன்.
ஒரு மிதிவெடி
பாலைவேரின் கக்கத்தில் கிடந்தது,
உழுந்துவடைப் பருமன்.
வேர் அதைத் தொடாமல்
வளைந்து போயிருந்தது.

கடைசி நாள் நாடா வெட்டினார்கள்.
கேக் தந்தார்கள்.
மண்டையோட்டுப் பலகைகளைக் கழற்றி
லொறியில் ஏற்றினோம்.
"இனிப் பயமில்லையடி" என்றாள் தவமலர்.
ஆருக்கு என்று
நான் கேட்கவில்லை.

பதினாறாம் இரவு முதல் ரிப்பர் வந்தது.

வெடுக்குமோட்டைக்குப் பின்னால்
முதிரைகள் விழுவதைப்
படுத்தபடியே எண்ணலாம்.
மரமில்லில் நிற்கும் குகநேசன் சொன்னான்:
செல்துண்டு ஏறின மரத்தை முதலாளி தொடார்,
வாள்பல்லுப் போய்விடும்.
ஆக, சண்டையில் காயப்படாத மரங்கள்தான்
முதலில் சாகின்றன.
பேமிற் இருக்கிறதா என்று கேட்டால்
இருக்கிறது,
வேறொரு காட்டுக்கு.

நான் ஒரு பிழை செய்தேன்.
அதையும் சொல்லிவிடவேண்டும்.
கோழிக்கூட்டுக்குக் கதவாய் நின்ற
பழைய பலகையொன்றைக் கழற்றி
இருட்டில் கொண்டுபோய்க்
காட்டுப்பாதையின் வாயில் நட்டேன்.
மண்டையோடு, இரண்டு எலும்பு, மூன்று மொழி.
அன்றிரவு ரிப்பர் திரும்பிப் போனது.

விடிய, விறகுக்குப் போன சிவசோதியக்கா
பலகைக்கு உள்ளே நின்றாள்.
வேறு வழியால் வந்திருக்கிறாள்,
வெளியேறும்போதுதான் கண்டிருக்கிறாள்.
ஊன்றியிருந்தது ஜெய்ப்பூர்க் கால்.
நல்ல காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தூக்கியபடி நின்றாள்,
எவ்வளவு நேரமாய் என்று தெரியவில்லை.
ஓடிப்போய்ப் பிடுங்கி எறிந்தேன்.
அவள் ஏசவில்லை.
ஏசியிருக்கலாம்.

பிறகுதான் பெயின்ற் நினைவு வந்தது.
"இங்கே பார்த்தாயிற்று, காலை வைக்கலாம்" என்று
நாங்கள் அடித்துப்போகும் முளைகளின் வெள்ளை,
இரண்டு வாளி மிச்சம்.

ஒன்பது பெண்கள்,
பள்ளிக்கூடம் கள்ளமடித்த ஒரு பொடியன்,
ஒரு கணக்குக் கொப்பி.
நெஞ்சு உயரத்தில் ஒரு இலக்கம்.
அடியில், மண்ணோடு ஒட்டி,
அதே இலக்கம் இன்னொரு தரம்.
அது சிவசோதியக்காவின் யோசனை:
"மேலே கொண்டுபோனாலும்
கால் இங்கதானே கிடக்கும்."
ஆரும் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.

கொப்பியின் ஒரு பிரதி விதானையாருக்கு,
ஒன்று வனத்திணைக்களத்துக்கு,
ஒன்று கோயில் உண்டியலடியில்,
எதற்கும் இருக்கட்டும் என்று.

மாசியில், மாங்குளம் சந்தியில்
மணலுக்குக் கீழே ஒரு முதிரை பிடிபட்டது.
எங்கே தறித்ததென்று தெரியாது என்றானாம் றைவர்.
மரம் சொல்லிற்று: 117.
வெடுக்குமோட்டையில் அடிக்கட்டையும்
117 என்றது.
வழக்கு நடக்கிறது. தவணைக்குமேல் தவணை.
இரவில் சத்தம் நின்றுவிட்டது
என்று எழுத ஆசை.
குறைந்திருக்கிறது.

பாலை பழுத்த நாளில்
இலக்கம் சரிபார்க்கப் போனோம்.
அறுபத்துமூன்றின் மேல்
குறுக்கே ஐந்து கீறல்.
நகம் பட்ட இடத்தில் பால் வடிந்து
ஆறின் வளைவும் மூன்றின் வாலும் அழிந்திருந்தன.
கீழே எச்சம், நிறையப் பாலைக்கொட்டை.

தவமலர் தூரிகையைத் தோய்த்தாள்.
விடு என்றேன்.
கொப்பியில் அறுபத்துமூன்றுக்கு நேரே
எழுதினோம்:
மரம் நிற்கிறது. கரடி பார்த்தது. கையொப்பம் உண்டு.

பால் இன்னும் காயவில்லை என்பதைச்
சிவசோதியக்காதான் கண்டாள்.
அன்றைய கணக்கை அதோடு மூடிவிட்டு
வாளியையும் மறந்து
வேகமாய் வீடு வந்தோம்,
அவளுக்குப் பின்னால்.